ஒரே போனில் இரண்டு கால்குலேட்டர் எதற்கு?

வணக்கம் நேயர்களே. உங்கள் பிள்ளையின் போனில் இரண்டு கால்குலேட்டர் இருந்தால் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்று போனோடு வந்தது, சரி, இன்னொன்று எதற்கு? அதுவும் கூட்டும், கழிக்கும், ஆனால் ஒரு ரகசிய எண்ணை அடித்துச் சமக்குறியைத் தொட்டால் போட்டோவும் வீடியோவும் ஒளித்து வைத்த பெட்டகம் திறந்துகொள்ளும்.

இதைப் பிடிக்க எளிய வழி, அது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்ப்பதுதான். செட்டிங்ஸ் போய், ஆப்ஸ் பட்டியலில் அந்தப் பெயரைத் தொட்டு, ஸ்டோரேஜ் பாருங்கள். கணக்குப் போடும் ஆப்புக்குச் சில எம்பி போதும். ஒரு ஜிபி காட்டினால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. முகப்பில் தெரியாமல் மறைத்த ஆப்புகளும் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் வந்துவிடும்.

ஆனால் எல்லாம் இதில் சிக்காது. சாம்சங்கில் செக்யூர் ஃபோல்டர் இருக்கிறது, 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15இல் பிரைவேட் ஸ்பேஸ் இருக்கிறது, இரண்டும் ஆப்புகளை ஒளித்து வைக்கும் தனி இடங்கள், இரண்டுக்கும் தனிப் பூட்டு போடலாம். ஐபோனில் ஐஓஎஸ் 18 முதல் மறைத்த ஆப்புகள், முகப்புப் பக்கங்களைத் தாண்டிக் கடைசியில் வரும் ஆப் லைப்ரரியின் அடியில் ஹிடன் ஃபோல்டரில் போய் உட்காரும், அந்த ஃபோல்டர் காலியாக இருந்தாலும் அங்கேதான் இருக்கும் என்பதால் அதைப் பார்த்ததுமே சண்டைக்குப் போகாதீர்கள். ஃபைல் மேனேஜரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் நிறைய வரும், அவற்றில் பல போனும் ஆப்புகளும் தாமே உருவாக்கியவை.

இந்தப் பூட்டையெல்லாம் பிள்ளைதான் திறக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், தூங்கும்போது போனை எடுத்துத் துழாவாதீர்கள், பக்கத்தில் உட்காரவைத்துச் சேர்ந்து பாருங்கள். சில பிள்ளைகள் ஒளிப்பது திமிரால் அல்ல, பயத்தால். யாரோ ஒருவன் பிள்ளையின் அந்தரங்கப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டுவான், அம்மா அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைந்தோம் என்று அந்தப் பிள்ளை தனியாகத் தவித்துக்கொண்டிருக்கும்.

அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் ஆதாரம். யாருக்கும் அனுப்பவும் வேண்டாம், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குக்கூட. குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் பகிர்வதே சட்டப்படி குற்றம். மிரட்டுபவனின் எண்ணையும் கணக்குப் பெயரையும் குறித்துக்கொண்டு, பணம் எதுவும் கொடுக்காமல், சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கான 1098 இரவிலும் எடுப்பார்கள், அந்த எண்ணைப் பிள்ளையின் போனிலும் இன்றே பதிந்துவிடுங்கள்.