சந்தேகங்களுக்கு விளக்கம்: கந்தோர் வேலையோடு எழுத்திலும் உழைக்கலாமா?

வணக்கம். இன்றைக்கு எடுத்திருக்கிற கேள்வி திருகோணமலையில் இருந்து வந்தது. தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறா: "பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறன். சிறுகதை எழுதுவன். ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பும் செய்வன். இரண்டு சின்னப் பிள்ளைகள். எழுத்தில் மாதாமாதம் ஒரு வருமானம் எடுக்கலாமா? எடுத்தால் எப்போது வேலையை விடலாம்?"

எடுக்கலாம் தங்கச்சி. விடுறதைப் பற்றிக் கடைசியில் சொல்லுறன். முதலில் அனுமதி.

நீங்கள் அரசாங்க உத்தியோகத்தர். அரசாங்க உத்தியோகத்தருக்கான விதிகளைச் சொல்லுற தாபன விதிக்கோவைப்படி, வெளியில் காசுக்கு வேலை செய்யிறதென்றால் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேணும். அரைப் பக்கக் கடிதம் போதும். என்ன வகை எழுத்து, கடமை நேரத்துக்கு வெளியேதான் செய்வீர்கள், கந்தோர்த் தகவலையோ கந்தோர்க் கணினியையோ தொட மாட்டீர்கள், இந்த மூன்றையும் எழுதிப் பிரதேச செயலாளர் ஊடாக அனுப்புங்கோ. பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கோ. வாயால் "பரவாயில்லை, செய்யுங்கோ" என்று சொன்ன அதிகாரி இடமாற்றம் போன பிறகு அந்தச் சொல்லுக்குப் பெறுமதி இல்லை. இன்னொன்று, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கடமையின் பாகமாக நீங்கள் எழுதிக் கொடுக்கிறதின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குத்தான். செயலகத்துக்காக மொழிபெயர்த்த கைநூலை வெளியில் விற்க ஏலாது. கள விஜயத்தில் பார்த்த குடும்பங்களைக் கதைக்குள் கொண்டு வரும்போதும் கவனம் வேணும். மூதூரில் கடற்கரையோரம் ஒரு வீடு, மூன்று பெண் பிள்ளை என்று எழுதினாலே ஆளைக் கண்டுபிடிக்கிற ஊர் இது. உதவி கேட்டு வந்த சனத்தின் கஷ்டம் உங்கள் கதையால் சந்திக்கு வரக்கூடாது.

அடுத்தது நேரம். காலை 8.30இல் இருந்து பின்னேரம் 4.15 வரை கந்தோர். பிறகு பிள்ளைகள், சமையல். மிஞ்சுறது விடியப்புறமும் இரவும்தான். இந்த இரண்டையும் ஒரே மாதிரிப் பாவிக்காதேங்கோ. மொழிபெயர்ப்பைக் களைத்துப் போன மூளையோடும் செய்யலாம், ஏனென்றால் அடுத்த வசனம் முன்னால் கிடந்து இழுக்கும். கதைக்கு அப்படி இழுக்கிற ஆள் இல்லை. அதனால் விடிய 4.45இல் இருந்து 6 மணி வரை கதைக்கு, கிழமைக்கு மூன்று நாள். இரவு 9இல் இருந்து 10.15 வரை மொழிபெயர்ப்பு, கிழமைக்கு மூன்று நாள். ஞாயிறு ஒரு மூன்று மணித்தியாலம். கூட்டிப் பார்த்தால் கிழமைக்குப் பத்தரை மணித்தியாலம் வரும். காய்ச்சல், பரீட்சை, கோயில் என்று கழித்தால் எட்டு. கையில் இருக்கிறது எட்டு என்று வைத்துத்தான் வேலை ஏற்க வேணும். இரவில் செய்த மொழிபெயர்ப்பை அப்படியே அனுப்பவும் கூடாது. இலக்கங்களும் பெயர்களும் இரவில்தான் பிழைக்கும். 15 ஆயிரம் 50 ஆயிரமாகும், கிண்ணியா கன்னியாவாகும். பகல் வெளிச்சத்தில் ஒருக்கால் மூலத்தோடு விரல் வைத்து ஒப்பு நோக்குங்கோ.

நவம்பர், டிசம்பரில் பெரிய வேலை ஒன்றும் ஏற்காதேங்கோ. நிதியாண்டு முடியிறதால் கந்தோரில் கணக்கு முடிக்கிற நெருக்கடி. வடகீழ்ப் பருவமழையும் அப்போதுதான், வெள்ளம் வந்தால் உங்களுக்குக் கடமை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் வேலையில் இருக்கிற ஆட்களுக்கு இது மறுவளம். அவைக்கு மே தொடக்கம் செப்டெம்பர் வரை சீசன், மழை மாதங்கள்தான் எழுத்துக்கு வாய்ப்பான காலம்.

இனிக் காசு. எங்கள் ஆட்கள் ஏமாறுற இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்லுறன். மொழிபெயர்ப்புக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று விலை பேசுவினம். எந்தச் சொல், மூலத்திலா தமிழிலா என்று முதலே கேட்க வேணும். 'இன் த ஒஃபிஸ் ஒஃப் த டிவிஷனல் செக்ரட்டரி' என்றால் ஆங்கிலத்தில் 7 சொல். 'பிரதேச செயலாளர் அலுவலகத்தில்' என்றால் தமிழில் 3 சொல். எல்லா வசனமும் இந்த அளவுக்குச் சுருங்காது, ஆனால் 1,000 ஆங்கிலச் சொல் தமிழில் பெரும்பாலும் 700, 750 அளவில் வந்து நிற்கும். தமிழ்ச் சொல்லை எண்ணிக் காசு வாங்கினால் காற்பங்கு உழைப்பு சும்மா போகும். மூலச் சொல்லுக்கு விலை என்று எழுத்தில் வையுங்கோ.

பிறகு அந்த விலையை மணித்தியாலத்துக்கு மாற்றிப் பாருங்கோ. விளங்கிறதுக்காக ஒரு கணக்கு: 2,000 சொல், சொல்லுக்கு 5 ரூபா, மொத்தம் 10,000. மொழிபெயர்க்க 7 மணித்தியாலம், ஒப்பு நோக்க 2, போன் கதைக்கவும் அட்டவணைகளைச் சரிக்கட்டவும் 1. பத்து மணித்தியாலம், மணிக்கு 1,000 ரூபா. அதே ஆவணம் ஸ்கேன் பண்ணின படமாக வந்தால் தட்டச்சுக்கு இன்னும் 3 மணித்தியாலம் சேரும், விலை 770க்கு இறங்கும். அதனால் கோப்பைப் பார்க்காமல் விலை சொல்லக்கூடாது. புது ஆளாக இருந்தால் பாதிக் காசு முற்பணம். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி மாதிரியான ஆவணங்களை அத்தாட்சிப்படுத்திக் கொடுக்கிறது சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் வேலை. பதிவு இல்லாமல் அதற்குக் கையெழுத்து வைக்காதேங்கோ.

வெளிநாட்டில் இருந்து வேலை வந்தால் காசு எந்த வழியால் வரும் என்று முதலில் பேசுங்கோ. பேபாலில் இலங்கை ஆட்கள் காசு கட்டலாம், பெற ஏலாது என்ற நிலைதான் நீண்ட காலமாக இருந்து வந்தது. வங்கிக் கணக்குக்கு நேரடியாகவோ, பயோனியர் (Payoneer) என்ற இணையப் பணச் சேவை ஊடாகவோ கேளுங்கோ.

மொழிபெயர்ப்பை விட்டால் எங்கள் பக்கத்தில் நம்பி எடுக்கக்கூடியது மலர் வேலை. பாடசாலை ஆண்டு விழா மலர், கும்பாபிஷேக மலர், சங்கங்களின் சிறப்பு மலர். இதில் மாட்டுப்படுகிற இடம் வாழ்த்துச் செய்திகள். கட்டுரைகள் நேரத்துக்கு வரும், ஆசிச் செய்தி அச்சுக்குப் போற அன்றைக்கு வட்ஸ்அப்பில் படமாக வரும். தொகுப்புக்கு ஒரு விலை, தட்டச்சுக்குப் பக்கத்துக்கு ஒரு விலை, பிழை பார்க்கிற புரூவ் இரண்டு தரம் மட்டும், மூன்றாம் தரத்துக்கு வேறு காசு என்று தொடங்க முதலே சொல்லுங்கோ.

எழுத்துருவும் ஒரு தலையிடி. பாதிப் பேர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அனுப்புவினம், மற்றப் பாதி யுனிகோட்டில். பாமினியில் 'கௌ' தனியெழுத்தாக இல்லை, கொம்பு, க, பிறகு ள போட்டுத்தான் அடிப்பினம். யுனிகோட்டுக்கு மாற்றும்போது அந்த ள சாதாரண ளகரமாகவே தங்கிவிடும். கௌரி 'கெளரி' ஆகிவிடும். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் தெரியும், ஆனால் கணினியில் தேடினால் அகப்படாது. மாற்றி முடிந்த உடனே கெள, மெள, பெள என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கோ. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் 'கெளுத்தி'யும் பழுதாகும், மீன் பெயர் நிறைய வருகிற ஊரில் இருக்கிறம். அச்சகத்துக்கு யுனிகோட் கோப்போடு பீடிஎஃப் ஒன்றும் சேர்த்துக் கொடுங்கோ. அவையின் பக்க வடிவமைப்பு மென்பொருள் பழசென்றால் கொம்பும் அரவும் இடம் மாறும், ஒப்பிட ஒரு சரியான பிரதி வேணும்.

உங்கள் சொந்தக் கதைகளில் இருந்து வீட்டுச் செலவுக்குக் காசு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எதிர்பார்த்தால் கதை கெடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பத்திரிகைக்குக் கொடுக்கும்போது முதற் பிரசுர உரிமை மட்டும் என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதுங்கோ, தொகுப்புப் போடுகிற உரிமை உங்களிடமே இருக்கட்டும். தொகுப்புப் போட்டால் பக்கத்தைப் பாரக் கணக்கில் முடியுங்கோ. பாரம் என்கிறது அச்சில் ஒன்றாகச் சேர்த்து அடிக்கிற பக்கத் தொகுதி; 16 பக்கம் ஒரு பாரம், 96 பக்கம் சரியாக 6 பாரம். 100 பக்கமானால் அந்த நாலு பக்கத்துக்காக இன்னொரு துண்டு அடிக்க வேண்டி வரும். நூலை அடையாளம் காட்டுகிற ஐஎஸ்பிஎன் (ISBN) இலக்கம் கொழும்பில் தேசிய நூலகத்தில் எடுக்கிறது, அட்டை அச்சடிக்க முன்னமே எடுங்கோ.

வரியை இரண்டு வரியில் சொல்லலாம். 2025 ஏப்ரலில் இருந்து தனிநபர் வருமானத்தில் வருடத்துக்கு 18 லட்சம் ரூபா வரை வரி விலக்கு. ஏப்ரல் 1இல் இருந்து மார்ச் 31 வரை சம்பளமும் எழுத்து வருமானமும் கூட்டி அதைத் தாண்டுதா என்று பாருங்கோ. தாண்டினால் நவம்பர் 30க்குள் வருமான வரி விவரத்திரட்டுக் கொடுக்க வேணும்.

வேலையை விடுறது: இப்போது வேண்டாம். எழுத்துக் காசுக்கென்று வேறொரு வங்கிக் கணக்கு திறந்து, ஒரு வருடம் அதில் கை வைக்காமல் விடுங்கோ. 12 மாதம் முடிய, சராசரியைப் பார்க்காமல் அந்த 12இல் ஆகக் குறைந்த மாதம் எவ்வளவு என்று பாருங்கோ. வீட்டு வாடகையும் பால்மாவும் சராசரியைப் பார்த்து வராது. அந்த ஆகக் குறைந்த மாதமே வீட்டுச் செலவைத் தாங்க வேணும், கணக்கில் ஆறு மாதச் செலவுக்குக் காசும் கிடக்க வேணும். தனியார் வேலையில் இருக்கிறவை சம்பளத்தோடு முதலாளி கட்டுற ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், நம்பிக்கை நிதி 3 வீதம் இரண்டையும் இழப்பாகக் கூட்டிக்கொள்ள வேணும். உங்களுக்கு இழப்பு ஓய்வூதியம். ராஜினாமாவும் ஓய்வு பெறுகிறதும் ஒன்றில்லை. இத்தனை வருடச் சேவையோடு விலகினால் என்ன கிடைக்கும், சம்பளமில்லா விடுமுறை எடுக்க வழி இருக்கா, இந்த இரண்டையும் தாபனக் கிளையில் எழுத்தில் கேளுங்கோ. பதில் கையில் கிடைத்த பிறகு, அந்த 12 மாதக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்து கதையுங்கோ.