கடல் மூடும் மாதம், குளம் வற்றும் மாதம்: திருகோணமலையில் ‘வேலைக்குக் காசு’

[காட்சி: சல்லிக் கடற்கரை. மணலின் மேட்டுக்கு இழுத்து வைத்த ஃபைபர் போட்டுகள். எஞ்சின்கள் கழற்றப்பட்டிருக்கின்றன. தூறல்.]

குரல்:
மார்கழி மாதம், காலை எட்டு மணி. இந்த நேரத்தில் ஒரு மீன்பிடிக் கரையில் கேட்க வேண்டிய சத்தம் எதுவும் இங்கே கேட்கவில்லை. ஏலம் கூறும் குரல் இல்லை, ஐஸ் உடைக்கும் சத்தம் இல்லை. வாடைக்காற்றுப் பிடித்துவிட்டால் கிழக்குக் கடல் இப்படித்தான். கார்த்திகையில் மூடினால் மாசியில்தான் ஒழுங்காகத் திறக்கும். இடையில் ஒன்றிரண்டு நாள் கடல் இறங்கினால் கரையோடு ஒரு வலை போட்டுவிட்டு வரலாம். மற்ற நாட்களில் வலை பொத்தலாம், எஞ்சினைத் துடைக்கலாம், கடைக்காரரின் கொப்பியில் கடன் கணக்கு நீளுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

[காட்சி மாறுகிறது: தம்பலகாமம். ஆவணி வெயில். அறுத்து முடிந்த வயலில் மாடுகள்.]

குரல்:
அதே மாவட்டம்தான், கொஞ்சம் உள்ளே வந்திருக்கிறோம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்காரருக்குப் பெரும்போகம், சிறுபோகம் என்று வருடத்துக்கு இரண்டு முறை அறுவடை. மானாவாரி வயல்காரருக்கோ ஒன்றுதான். ஐப்பசியில் விதைத்து, மாசி, பங்குனியில் வெட்டுவார். கடன் போக மிஞ்சிய நெல்லுக் காசு ஆடி வரை நின்றால் பெரிய விஷயம். முன்பெல்லாம் சிறுபோக அறுவடைக்கு அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய் அந்த இடைவெளியைச் சமாளித்தார்கள். வெட்டு மெசின் வந்து அந்தக் கூலியையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

இதற்கு மேல் வந்த அடிகளும் உண்டு. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், வயல்காரர் விழுந்தார். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது, போட்டுக்காரர் விழுந்தார். அப்போது வாங்கிய கடனின் வட்டியை இன்றும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

[எழுத்து திரையில்: வேலைக்குக் காசு]

குரல்:
சரி, விஷயத்துக்கு வருவோம். ஊருக்குப் பொதுவான ஒரு வேலை. வாய்க்கால் துப்புரவு, குளக்கட்டுத் திருத்தம், வயலுக்குப் போகும் பாதை, இறங்குதுறை, இப்படி ஏதோ ஒன்று. அதை வெளியூர்க் கொந்தராத்துக்காரரின் மெசினுக்குக் கொடுக்காமல், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கே கொடுத்து, செய்த நாளுக்குக் கூலி கொடுப்பதுதான் இந்த முறை. பார்ப்பதற்குச் சிரமதானம் மாதிரி இருக்கும். சிரமதானத்தில் தேத்தண்ணீரும் பணிசும் கிடைக்கும், இதில் கூலி கிடைக்கும்.

2023இல் வந்த அரசாங்கத்தின் அஸ்வெசும உதவித்தொகை வேறு, இது வேறு. அது வேலை கேட்காமல் கொடுக்கும் உதவி. வேலை செய்ய முடியாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதுதான் பொருத்தம். உடம்பில் பலம் இருந்தும் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் கை காய்ந்து போகிறவர்களுக்கு இது.

திருகோணமலைக்கு இது புதிதும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இடிபாடு அள்ளவும் கிணறு இறைக்கவும் கரையோரம் முழுக்க இந்த முறையில் வேலை நடந்தது. இந்தியாவின் நூறு நாள் வேலைச் சட்டம் 2005இல் வந்தது. அதில் செலவின் 60 வீதமாவது கூலிக்கே போக வேண்டும் என்று விதி இருந்தது. நம் ஊரிலோ, குளக்கோட்டு மன்னன் பூதங்களைப் பிடித்துக் கந்தளாய்க் குளத்தைக் கட்டினான் என்று அம்மம்மா கதை சொல்வார். பூதங்களுக்குக் கூலி என்ன என்று கேட்டால் மட்டும், “பேசாமல் படு” என்பார்.

[காட்சி: ஒரு சிறிய குளத்தின் வாய்க்கால். மண்வெட்டி, தாச்சி, அலவாங்கு. ஒரு பெண் கயிறு பிடிக்கிறார்.]

குரல்:
கந்தளாய் மாதிரிப் பெரிய குளத்தில் இந்த வேலை நடக்காது. அந்தக் கட்டு 1986 ஏப்ரலில் உடைந்தபோது ஊர்களே அடித்துச் செல்லப்பட்டன. அது பொறியியலாளர் கையில் இருக்க வேண்டிய விஷயம். நாம் பேசுவது 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் சின்னக் குளங்களைப் பற்றி. அவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அன்றாடம் பார்த்துக்கொள்வது கமக்காரர் அமைப்பு.

இந்தக் கயிற்றைக் கவனியுங்கள். வாய்க்கால் வேலையை நாள் கணக்கில் மட்டும் கொடுத்தால் மத்தியானத்துக்குப் பிறகு மண்வெட்டி ஊன்றுகோலாகிவிடும். அதனால் அளந்து கொடுக்கிறார்கள். அளவு ‘கியூப்’. ஒரு கியூப் என்றால் 100 கன அடி. நூறு அடி நீளம், மூன்று அடி அகலம், ஓர் அடி ஆழத்துக்கு வண்டல் எடுத்தால் மூன்று கியூப். வெட்டும்போது நடுவில் ஒரு சாண் அகலத்துக்குப் பழைய மண்ணை வெட்டாமல் தூண் மாதிரி விட்டு வைத்திருக்கிறார்கள், பார்த்தீர்களா? முன்பு மண் எவ்வளவு உயரம் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்த பிறகுதான் அதைத் தட்டுவார்கள். அந்தத் தூண் நிற்கிற இடத்தில் “நான் வெட்டினேன், நீ வெட்டவில்லை” என்ற சண்டை வருவதில்லை.

ஆனால் அளவுக் கூலியிலும் ஒரு பிசகு இருக்கிறது. இளம் பையன்கள் பத்து மணிக்கே முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆற்றுவாழை வேரும் களியும் உள்ள துண்டு அறுபது வயது ஐயாவுக்கு விழுந்தால் அவர் பொழுதுபட்டும் நிற்பார். என்னைக் கேட்டால் கலந்த குழுவுக்குத்தான் அளவு கொடுக்க வேண்டும். ஆணும் பெண்ணும், வயதானவரும் இளையவரும் ஒரு குழு, கூலி சமமாகப் பங்கு. கரையில் நின்று கூட்டாக வலை இழுக்கும் கரைவலைக்காரருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அவர்கள் பங்குக் கணக்கிலேயே வளர்ந்தவர்கள்.

[காட்சி: திரையில் பன்னிரண்டு மாதங்களின் வட்டம். இரண்டு நிறங்கள்.]

குரல்:
இப்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நீல நிறம் மீனவரின் கை காயும் மாதங்கள்: கார்த்திகை, மார்கழி, தை. மஞ்சள் நிறம் மானாவாரி விவசாயியின் மாதங்கள்: ஆடி, ஆவணி, புரட்டாதி. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

மஞ்சள் மாதங்களில் குளம் வற்றியிருக்கும், கட்டில் வேலை செய்யலாம், மழைக்கு முன் முடிக்கலாம். விவசாயிக்குப் பொருத்தமான மாதமும் வேலைக்குப் பொருத்தமான மாதமும் ஒன்றுதான். நீல மாதங்களில் மழை. சேற்றில் மண் வேலை செய்தால் போட்ட மண் அடுத்த மழையோடு போய்விடும். ஆக, மண் வேலை நடக்கிற காலத்தில் மீனவர் கடலில் நிற்கிறார். அவர் கரையில் நிற்கிற காலத்தில் மண் வேலை இல்லை.

இதற்குள் மூன்றாவது நாட்காட்டி ஒன்றும் நுழைகிறது. அதுதான் அலுவலக நாட்காட்டி. அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31உடன் முடிகிறது. ஒப்புதல் பிந்தி வந்தால் காசை எப்படியாவது வருடம் முடிவதற்குள் செலவழிக்க வேண்டும். கொட்டும் மழையில் வாய்க்கால் வெட்டுகிற கூத்தெல்லாம் இப்படித்தான் நடக்கிறது.

அப்படியென்றால் மீனவருக்கு வாடைக் காலத்தில் என்ன வேலை கொடுப்பது? கூரைக்குக் கீழே செய்யக்கூடியதை முதலில் பாருங்கள். சங்கத்தின் ஐஸ் அறையைத் திருத்தலாம். கருவாடு காயவைக்கும் பரண் செய்யலாம், பங்குனியில் வெயில் வரும்போது தயாராக இருக்கும். மழை தேவைப்படுகிற வேலைகளும் இருக்கின்றன. கரையோரம் பனம் விதை நடுவதற்கு மாரிதான் காலம். களப்பு ஓரச் சேற்றில் வளரும் கண்டல் மரத்துக்கு நாற்றுமேடை போடலாம்.

[காட்சி: களப்பு ஓரம். சேற்றில் வரிசையாக நட்ட கண்டல் கன்றுகள். பாதிக்கு மேல் காய்ந்த குச்சிகள்.]

குரல்:
கண்டல் என்றதும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் 1,000 ஹெக்டேயருக்கு மேல் கண்டல் நட்டார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு அந்த இடங்களைப் போய்ப் பார்த்தது. தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். பார்த்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. அலை ஏறி இறங்கும் மட்டம் பார்க்காமல் நட்டது, இடத்துக்கு ஒவ்வாத இனத்தை நட்டது, மாடு மேய்ந்தது, நட்டபின் யாரும் திரும்பிப் பார்க்காதது, எல்லாம் காரணம். நடுகிற நாளுக்குக் கூலி இருந்தது, பார்த்துக்கொள்கிற மாதங்களுக்கு இல்லை. வேலைத் திட்டம் எழுதுகிறவர்கள் பத்து நாள் நடுகைக்குப் பதில் மூன்று நாள் நடுகையும் ஏழு நாள் பராமரிப்பும் என்று பிரித்தால் கூலிச் செலவு அதேதான், கன்று பிழைக்கும்.

[காட்சி: ஊர்ப் பொதுமண்டபம். சுவரில் ஒட்டிய பெயர்ப் பட்டியல். ஒரு விரல் வரிசையாகக் கீழிறங்குகிறது.]

குரல்:
யாருக்கு வேலை? பட்டியலை வழக்கமாகக் கிராம உத்தியோகத்தரும் சங்கங்களும் சேர்ந்து தயாரிக்கிறார்கள். கூட்டத்தில் வாசிக்கிறார்கள், ஆட்சேபம் கேட்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீனவர் சங்கத்தில் அங்கத்தவராக இருப்பவருக்குப் பெரும்பாலும் சொந்தப் போட் இருக்கும். அந்தப் போட்டில் பங்குக்குப் போகிறவர், கரைவலை இழுக்கிறவர், இவர்களிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. வயலிலும் அதே கதை. குத்தகைக்குச் செய்கிறவர் உழுகிறார், கமநல சேவை நிலையப் பதிவில் காணிக்காரர் பெயர் இருக்கிறது. ஆவணம் கேட்டுப் பட்டியல் போட்டால் அடியில் கிடக்கிறவர் முதலில் கழன்றுவிடுவார். ஊரைக் கூட்டி “போட் இல்லாதவர் யார்?” என்று நேரே கேட்டால் ஐந்து நிமிடத்தில் பெயர்கள் வந்துவிடும்.

கூலியை உள்ளூர் நாட்கூலிக்குச் சற்றுக் கீழே வைப்பது வழக்கம். அதிகமாக வைத்தால் விதைப்புக்கு ஆள் கிடைக்காமல் வயல்காரர் திட்டுவார், வசதியானவர்களும் வரிசையில் நிற்பார்கள். ரொம்பக் குறைத்தால் ஒரு நாள் கறிக்கும் காணாது.

காசு எப்போது வருகிறது என்பதும் முக்கியம். சில வருடங்களுக்கு முன் ஒரு வேலைத்தளத்தைப் படம் பிடிக்கப் போயிருந்தேன். எந்த அமைப்பு என்பது இங்கே தேவையில்லை. இரண்டு கிழமையில் தருவதாகச் சொன்ன கூலி ஏழு கிழமை கழித்து வங்கிக்கு வந்தது. அதற்குள் ஓர் அக்கா தோட்டை அடகு வைத்துவிட்டார். கூலி வந்ததும் அடகை மீட்டார், வட்டியும் கட்டினார். கேட்டபோது சிரித்தார். “அவையள் தந்தது வட்டிக்குத்தான் தம்பி.”

[காட்சி: வரவுப் பதிவேடு, மிக அருகில். ஒரு வரிசையில் ஆணின் பெயர். எதிரே சின்னதாக ஒரு பெண்ணின் கையெழுத்து.]

குரல்:
இந்த வரிசையைப் பாருங்கள். பெயர் கணவருடையது, வேலைக்கு வந்தவர் மனைவி. கடல் திடீரென்று இறங்கினால் அவர் போட் ஏறிவிடுவார், இவர் மண்வெட்டியைத் தூக்குவார். வேலை நடந்திருக்கிறது. ஆனால் கணக்காய்வில் பெயரும் கையெழுத்தும் பொருந்தாது, கூலி நிற்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு பெயர் என்று எழுதாமல், குடும்ப அட்டைக்கு இத்தனை நாள் வேலை, அந்த வீட்டில் 18 வயதுக்கு மேற்பட்ட யாரும் வரலாம் என்று எழுதினால் இந்தத் தலைவலியே இல்லை.

[காட்சி: மீண்டும் சல்லி. போட்டின் நிழலில் வலை பொத்தும் வயதானவர். முகம் தெரியவில்லை, கைகள் மட்டும்.]

குரல்:
இவர் என் மாமா. நாற்பது வருடமாகக் கரைவலை. இந்த வீடியோவுக்காக அவரிடம் போய், “அடுத்த வருடம் வாய்க்கால் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்களாம், உங்கள் பெயரைக் கொடுக்கவா?” என்று கேட்டேன். ஊசியை நிறுத்தாமலே கேட்டார்: “எந்த மாசம்?”

ஆவணி என்றேன்.

“அப்ப நான் கடலில நிப்பன். மாமியின்ர பேரைப் போடு.”

[திரை இருள்கிறது. அலைச் சத்தம் மட்டும்.]