நொறுங்கத் தின்ன நேரம் கொடுங்கள்

(கொழும்பு வெள்ளவத்தையில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் அதிபர்களே, உப அதிபர்களே, அலுவல் முடிந்த களைப்போடும் நேரே இங்கு வந்திருக்கும் வலயக் கல்விப் பணிமனை அலுவலர்களே, மருத்துவப் பெருமக்களே, மண்டபத்தை மனமுவந்து தந்த அறங்காவல் சபையினரே, வாழ்த்துப் பாடிய மாணவச் செல்வங்களே, காலி வீதியின் மாலை நெரிசலைத் தாண்டி வந்திருக்கும் தாய்மாரே, தந்தையரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் பேசிய அதிபர் அவர்கள் தமது பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் கடலையும் சோளமும் விற்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுத்துவிட்டுத் தொடங்குவோம்.

இன்றைய தலைப்பு, சமிபாட்டு உறுப்புகளின் அமைப்பும் தொழிலும். இதற்கு நம்மிடம் அழகான பழைய சொற்கள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன், உடலமைப்பியலை அங்காதிபாதம் என்றும் உடற்றொழிலியலைச் சுகரணவாதம் என்றும் வழங்கினார். இரண்டையும் சேர்த்தே படிப்பித்தார். உறுப்பின் வடிவத்தைத் தெரியாமல் அதன் வேலை விளங்காது. வேலையைத் தெரியாமல் வடிவம் மனதில் நிற்காது. வாய், இரைப்பை, சிறுகுடல், ஈரலும் சதையியும் (கணையம்), பெருங்குடல் என்று ஐந்து படிகளாகச் சொல்ல நினைத்திருக்கிறேன். ஐந்துக்கும் சேர்த்து நம் கிழவிகள் ஒரே வரி சொல்லி வைத்தார்கள்: நொறுங்கத் தின்றால் நூறு வயது.

வாயில் தொடங்குவோம். வளர்ந்தவருக்கு 32 பற்கள். முன்னால் இருக்கும் எட்டு வெட்டும் பற்களும் உளி போலத் தட்டையானவை. ஒரு துண்டு பாணை அளவாக வெட்டி எடுப்பது அவற்றின் வேலை. வேட்டைப் பற்கள் நான்கு, கூரானவை, கிழிப்பதற்கு. முன்கடைவாய்ப் பற்கள் எட்டும் கடைவாய்ப் பற்கள் பன்னிரண்டும் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன. கொத்தி விட்ட அம்மிக்கல்லைப் பாருங்கள், அதே ஏற்பாடு. வழுவழுத்த கல்லில் மிளகாய் அரைபடாது. கீழ்த்தாடை மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் அசைகிறது. குழவியை உருட்டுவதும் இழுப்பதும் போல. அந்தப் பக்க அசைவுக்கு நேரம் வேண்டும். அவசரமாகச் சாப்பிடும் பிள்ளையின் தாடையைக் கவனியுங்கள், மேலும் கீழும்தான் போய்வரும். அங்கே வெட்டுதல் நடக்கிறது, அரைத்தல் நடக்கவில்லை.

மூன்று சோடிச் சுரப்பிகள் நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் தருகின்றன. அதிலுள்ள அமைலேசு என்ற நொதியம் மாப்பொருளை மோற்றோசு என்ற வெல்லமாக்குகிறது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆய்வுகூடம் தேவையில்லை. சீனி குறைந்த பாண் துண்டொன்றை விழுங்காமல் ஒரு நிமிடத்துக்கு மேல் மெல்லச் சொல்லுங்கள், நாக்கில் இனிப்புத் தட்டும். பாடசாலையில் செய்வதானால் ஒரு வீத மாப்பொருட் கரைசலில் உமிழ்நீர் கலந்து, குழாயை 37 பாகை செல்சியசு நீரில் நிறுத்தி, நிமிடத்துக்கு ஒரு துளி வீதம் வெள்ளை ஓட்டில் எடுத்து அயடீன் விடுங்கள். முதல் துளிகள், மாப்பொருள் இருப்பதால், கருநீலமாகும். போகப் போக மாப்பொருள் தீர்ந்து, நிறம் மாறாமல் அயடீனின் மஞ்சள் கபிலமே நிற்கும். பரிசோதனை பிழைக்கும் வகுப்புகளில் அனேகமாகக் கொதிநீரைப் பயன்படுத்தியிருப்பார்கள். நொதியம் ஒரு புரதம். கொதிநீரில் முட்டை வெண்கரு உறைவது போல அதன் வடிவம் குலைந்துவிடும். வடிவம் குலைந்தால் வேலையும் நின்றுவிடும். இன்றைய தலைப்பு முழுவதும் அந்தக் குழாய்க்குள்ளேயே இருக்கிறது.

தொண்டையில் ஒரு சந்தி. காற்றும் சோறும் ஒரே வழியால் வந்து பிரியும் இடம். விழுங்கும்போது குரல்வளை மேலெழும்ப, மூச்சுக்குழல்வாய்மூடி அதன்மேல் கவிகிறது. வாய் நிறையச் சோற்றோடு பேசிச் சிரிக்கும் பிள்ளைக்கு அந்த மூடி திறந்திருக்கும் நேரத்தில் உணவு வந்துவிடுகிறது. புரையேறுவது அப்படித்தான். அதற்குக் கீழே களம், ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் தசைக்குழாய். சுற்றுச்சுருக்கு அலை உணவுருண்டையைப் பின்னாலிருந்து பிசைந்து தள்ளுகிறது. படுத்துக்கொண்டு விழுங்கினாலும் உணவு இரைப்பைக்குப் போவது அதனால்தான். ஆனால் உண்டவுடன் படுக்கச் சொல்லவில்லை. களத்தின் கீழ்முனையை மூடிவைக்கும் ‘இறுக்கி’ என்ற தசைவளையம் தளர்ந்தவர்களுக்கு அமிலம் மேலேறி நெஞ்செரியும். இரைப்பைக்கு இருக்கும் சளிக்கவசம் களத்துக்குக் கிடையாது.

இனி இரைப்பை. இதைச் சொல்ல ஒரு கதை தேவைப்படுகிறது, நடந்த கதை. 1822 யூன் 6ஆம் திகதி. வட அமெரிக்காவின் மக்கினாக் தீவு. மிருகத்தோல் வாங்கி விற்கும் கடையொன்று. அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற கனடா நாட்டு இளைஞர், படகில் தோல் ஏற்றி இறக்கும் தொழிலாளி, கடைக்குள் நிற்கிறார். பக்கத்தில் யாரோ வைத்திருந்த துப்பாக்கி தவறுதலாக வெடிக்கிறது. வாத்துச் சுடும் சன்னங்கள், மூன்றடித் தூரம். இடது மார்பின் கீழே சதையும் விலாவெலும்பும் பிய்ந்து, இரைப்பையிலேயே ஓட்டை விழுந்து, காலையில் உண்ட உணவு அந்த ஓட்டையால் வெளியே வந்தது. ஓடிவந்தவர் படைமுகாம் மருத்துவர் வில்லியம் போமொன்ற். பிழைக்க மாட்டார் என்றே அவர் நினைத்தார். சென் மார்ட்டின் பிழைத்தார். ஆனால் ஓட்டை மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு வெளித்தோலோடு ஒட்டி ஆறிப்போய், ஒரு சாளரம் போல நின்றுவிட்டது. பிறகு உள்ளிருந்து ஒரு மடிப்பு வளர்ந்து அதைத் திரைபோல மறைத்தது. விரலால் தள்ளினால் உள்ளே பார்க்கலாம்.

1825 ஓகஸ்ட் முதலாம் திகதி, நண்பகல். போமொன்ற் ஒரு பட்டு நூலை எடுத்தார். சமைத்த மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, உப்பிட்ட பச்சை மாட்டிறைச்சி, உப்பிட்டு அவித்த மாட்டிறைச்சி, பழைய பாண் துண்டு, பச்சைக் கோவா என்று ஒவ்வொன்றாக அந்த நூலில் கட்டினார். அதை அப்படியே சாளரத்தால் உள்ளே விட்டார். தூண்டில் போட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சென் மார்ட்டின் வழக்கம்போல வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு நூலை இழுத்துப் பார்த்தால் கோவாவும் பாணும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி போட்டபடியே இருந்தது. திரும்ப உள்ளே. இரண்டு மணிக்கு இழுத்தால் கோவா, பாண், பன்றிக் கொழுப்பு, அவித்த மாட்டிறைச்சி நான்கும் நூலை விட்டே போயிருந்தன. மற்ற இறைச்சிகள் அசைந்து கொடுக்கவில்லை. இப்படி ஆண்டுக்கணக்கில் 200க்கும் மேற்பட்ட பரிசோதனைகள். இரைப்பைச் சாற்றைக் குப்பியில் எடுத்து, உடற்சூட்டில் வைத்து, வெளியேயும் இறைச்சி கரைவதைக் காட்டினார். இரைப்பை வெறும் ஆட்டுரல் என்றும், உணவு உள்ளே புளித்து அழுகுகிறது என்றும் நடந்த பழைய வாதங்கள் பலமிழந்தன.

சென் மார்ட்டின் இதையெல்லாம் விரும்பிச் செய்யவில்லை. இடையில் சொல்லாமல் கனடாவுக்குப் போய் மணமுடித்துப் பிள்ளைகளும் பெற்றார். திரும்ப அழைத்து வரப்பட்டார். ஏழையின் உடம்பு அறிவியலுக்குச் சோறு போட்டது, அவருக்குக் கிடைத்தது சிறு சம்பளம். இதைச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்வது தர்மமல்ல. மருத்துவர் 1853இல் இறந்தார். சென் மார்ட்டின் 1880 வரை இருந்தார். அவர் இறந்தபின் மருத்துவர்கள் உடலைக் கேட்டு வரக்கூடும் என்று குடும்பத்தார் அதைப் பழுதுபட விட்டு, பிறகு ஆழத் தோண்டிப் புதைத்தார்கள்.

போமொன்ற் 1833இல் தம் முடிவுகளை அச்சிட்டார். அவற்றுள் ஒன்று, உணவு எவ்வளவு நுண்ணியதாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவு எளிதாகச் சமிக்கும் என்பது. மக்கினாக் தீவுக்கு நம் பழமொழி எட்டியிராது. அங்கும் அதே முடிவுதான்: நொறுங்கத் தின்றால் நூறு வயது.

காரணம் அமைப்பில் இருக்கிறது. சமிபாட்டுக் குழாயின் மற்றப் பகுதிகளில் தசை இரண்டு அடுக்கு: வட்டமாக ஒன்று, நீளவாக்கில் ஒன்று. இரைப்பையில் சரிவாக மூன்றாவது அடுக்கும் உண்டு. மாவைப் பிசைபவர் அமத்தி, உருட்டி, முறுக்குவது போல மூன்று திசையிலும் அது பிசைகிறது. உட்சுவரின் மடிப்புகள் வெறும் வயிற்றில் சுருங்கியிருந்து, உண்டால் விரிந்து ஒரு லீற்றருக்கு மேல் இடம் கொடுக்கும். சுவர்க் கலங்கள் சில ஐதரோகுளோரிக் அமிலத்தையும், சில பெப்சினின் முன்வடிவத்தையும், சில சளியையும் சுரக்கின்றன. பெப்சின் புரதத்தைச் செரிக்கும் நொதியம், சுவரும் புரதம்தான். ஆகவே அது செயலற்ற வடிவில் சுரந்து, அமிலத்தைச் சேர்ந்த பிறகே விழிக்கிறது. சளிப்படலம் இடையில் நின்று காக்கிறது. அந்தப் படலம் பழுதானால் புண். பட்டினியும் கோபமும்தான் காரணம் என்று நெடுநாள் சொல்லிவந்தோம். பெரும்பாலான புண்களுக்குப் பின்னால் எலிகோபக்டர் என்ற பற்றீரியாவும் சிலவகை வலிமாத்திரைகளும் இருப்பது இன்று தெரியும். அந்தப் பற்றீரியாவைக் கண்டுபிடித்த பரி மார்ஷலுக்கும் ரொபின் வொறனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. நாள்பட்ட வயிற்றெரிவுக்கு மருந்துக்கடையில் தாமே மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரைப்பையின் கீழ்வாசலில் குடல்வாய் இறுக்கி. அது ஒரு அரிதட்டு. திண்மத் துணிக்கை ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்குக் குறைந்தால்தான் பெரும்பாலும் அப்பால் விடும். மற்றதைத் திருப்பித் தள்ளும். இரைப்பை மறுபடி பிசையும். அரைகுறையாக விழுங்கிய ரோல்ஸும் வடையும் அங்கே நிற்கும் நேரம்தான் பிள்ளை அடுத்த பாடத்தில் வயிறு கனக்கிறது என்று மேசையில் சாயும் நேரம். பல் செய்யாத வேலையை இரைப்பை செய்யும். ஆனால் இரைப்பைக்குப் பல் இல்லை.

கொழும்பில் பாபத் கறி, அதாவது மாட்டின் இரைப்பைக் கறி, உண்ணும் வீடுகள் உண்டு. இறைச்சிக்கடையில் அதைக் கழுவும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பகுதி துவாய் போலச் சொரசொரக்கும், இன்னொன்று தேன்கூடு போல அறையறையாக இருக்கும். மாட்டின் இரைப்பை நான்கு அறை கொண்டது. புல்லின் செலுலோசை உடைக்கும் நொதியம் மாட்டுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. மாடு நுண்ணுயிர்களை உள்ளே குடிவைத்து அவற்றைக் கொண்டு செய்விக்கிறது. அதுவும் விழுங்கியதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து, ஆறுதலாக அசைபோட்டு. மாட்டுக்கு இருக்கும் அந்த நேரம் நம் பிள்ளைகளுக்கு இல்லை.

சிறுகுடலுக்கு வருகிறேன். அதன் முதற்பகுதி முன்சிறுகுடல், பன்னிரண்டு விரலகலம், ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர். அங்கேதான் பித்தமும் சதையிச் சாறும் வந்து சேர்கின்றன. சதையிச் சாற்றிலுள்ள இருகாபனேற்று என்ற காரம், இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தை நடுநிலையாக்கும். பித்தத்தில் நொதியம் இல்லை. எண்ணெய்ப் பிசுக்குச் சட்டியில் சவர்க்காரம் செய்வதை அது செய்கிறது. கொழுப்பைத் துளித்துளியாகச் சிதைத்து, நொதியம் தொடுவதற்கு மேற்பரப்பைக் கூட்டுகிறது. பித்தக்கல் வழியை அடைத்தால் கொழுப்பு உண்டபின் வலது விலாவின் கீழ் வலிப்பது அதனால்தான்.

உட்சுவரைக் கிட்டப் பாருங்கள். முதலில் வட்ட மடிப்புகள். மடிப்பின்மேல் சடைமுளைகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றர் வரை உயரம். சடைமுளையைப் போர்த்தியிருப்பது ஒற்றைக் கல அடுக்கு. அந்தக் கலத்தின் மேலும் நுண்சடைமுளைகள். நடுவில் குருதி மயிர்க்குழாய் வலையும், நிணநீர் ஓடும் ஒரு பாற்கலனும். குளுக்கோசும் அமினோவமிலங்களும் குருதிக்குள் போய், வாயினாளம் என்ற குருதிக்குழாய் வழியாக நேரே ஈரலுக்குச் செல்கின்றன. கொழுப்பின் பெரும்பகுதி பாற்கலனில் இறங்கி, நிணநீரோடு சுற்றிவளைத்து வருகிறது. சுவர் மெல்லியது, பரப்பு பெரியது, எடுத்துச் செல்லும் குழாய் பக்கத்திலேயே. சத்தை உள்ளே உறிஞ்சும் அகத்துறிஞ்சலுக்கு வேண்டிய மூன்றும் ஒரே முளையில். டெனிஸ் மைதானம் அளவு என்று பழைய புத்தகங்களில் படித்திருப்பீர்கள். 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் அளந்து, சமிபாட்டுக் குழாய் முழுவதன் உட்பரப்பு ஏறத்தாழ 32 சதுர மீற்றர் என்றார்கள்; பட்மின்டன் மைதானத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஆசிரியர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிலருக்குக் கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாமல் சடைமுளைகள் தட்டையாகிவிடும். பிள்ளை நன்றாகத்தான் உண்ணும், உடம்பு ஏறாது. அமைப்புப் போனால் தொழில் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இன்னொன்று, சாப்பாட்டோடு சாயத்தேத்தண்ணீர் கொடுக்கும் பழக்கம். தேயிலையிலுள்ள தனின் என்ற பொருள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்துவைத்து உள்ளே போகவிடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள்.

ஈரலையும் பெருங்குடலையும் விரித்துப் பேச நேரம் கிட்டவில்லை, தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். பெருங்குடலுக்குச் சடைமுளை இல்லை, அதன் பெரும்பணி நீரை மீட்பது என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, இந்த மேடைக்கு வந்த காரியத்துக்கு வருகிறேன்.

பல பாடசாலைகளில் இடைவேளை இருபது நிமிடம். அதிகாலையில் தேத்தண்ணீர் மட்டும் குடித்து வேனில் ஏறிய பிள்ளைக்கு அதுதான் முதல் சாப்பாடு. மணி அடித்து வகுப்பை விட்டு இறங்க, கை கழுவ வரிசையில் நிற்க, கழிப்பறைக்குப் போக, பெட்டியைத் திறக்க என்று கணக்குப் போடுங்கள். உண்பதற்கு ஏழெட்டு நிமிடம் மிஞ்சினால் பெரிது. வயிறு நிறைந்த செய்தி மூளையை எட்டவே ஏறத்தாழ இருபது நிமிடம் பிடிக்கும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று சுவரில் எழுதி வைத்துவிட்டு, நொறுக்குவதற்கு நேரம் கொடுக்காமல் விடலாமா? பல்லின் மேடும் பள்ளமும் கடவுள் தந்ததாகவே இருக்கட்டும். பத்து நிமிடம் தருவது இந்த முன்வரிசையின் கையில் இருக்கிறது. இடைவேளையை முப்பது நிமிடமாக்கும்படி கேட்கிறோம். கை கழுவும் குழாய்களைக் கூட்டும்படி கேட்கிறோம். முதல் பதினைந்து நிமிடம் எல்லோரும் இருந்து உண்ணட்டும், பிறகு விளையாடட்டும்.

வாசலில் மேசை போட்டு விண்ணப்பப் படிவங்கள் வைத்திருக்கிறோம். கையொப்பம் மட்டும் போதாது. உங்கள் பிள்ளையின் இடைவேளை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, கை கழுவக் குழாய்கள் எத்தனை, சாப்பாட்டுப் பெட்டி மிச்சத்தோடு வாரத்தில் எத்தனை நாள் வீட்டுக்கு வருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். இரண்டு வாரம் பார்த்து எழுதினால் இன்னும் நல்லது. நிரப்பிய படிவங்களை வாங்கிக்கொள்ள அடுத்த மாதக் கூட்டத்திலும் அதே மேசை அங்கே இருக்கும். நன்றி, வணக்கம்.