ஒரு விரல்நுனி மெழுகு

வணக்கம் நேயர்களே. துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை உறையை அழுத்தும்போது தடவுகிற மசகைக் கடையில் வாங்குவதா, கையால் கலக்குவதா என்பதுதான் இன்றைய பேச்சு.

மலையில் குடியிருப்பவர்களுக்குத் தேங்காய் எண்ணெயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரியில் குன்னூரில் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாது. அடுப்போரம் வைத்து உருக்கினால்தான் தலைக்கு ஆகும். 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறைய ஆரம்பித்துவிடும். மசகு எண்ணெய் பற்றி நான் படித்த முதல் பாடமே அதுதான். அதையும் குட்டு வாங்கித்தான் படித்தேன்.

நான் ஒரு ஃபிட்டர். தேயிலை ஃபாக்டரிகளில் காலத்தை ஓட்டினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பித்தளைப் புஷ்ஷை, அதாவது தண்டு சுழல்கிற குழலை, அழுத்தி இறக்கச் சொன்னார் மேஸ்திரி. எண்ணெய் கேன் காலி. நான் சாப்பாட்டுப் பைக்குள் இருந்த தேங்காய் எண்ணெயைச் சுரண்டி அப்பினேன். புஷ் பாதி வழியில் கோணலாகச் சிக்கிக்கொண்டது. “தலைக்குத் தேய்ப்பதை இரும்புக்குத் தேய்ப்பாயா?” என்று மண்டையில் ஒரு குட்டு. எண்ணெய் கட்டியாக ஒரு பக்கம் நின்றுவிட்டது, மறுபக்கம் காய்ந்து கிடந்தது என்பது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

இப்போது வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு, கைத்தடிகளுக்குப் பித்தளைப் பூண் செய்து கொடுக்கிறேன். குழாய்த் துண்டை டை என்கிற எஃகு அச்சுக்குள் வைத்துக் கைப்பிரஸ்ஸால் அழுத்தி, அதன் வாயைக் கொஞ்சம் சுருக்க வேண்டும். அவ்வளவுதான் தொழில். இந்தச் சின்ன வேலையும், இன்று நான் பேச வந்திருக்கும் துப்பாக்கித் தோட்டா வேலையும் அடிப்படையில் ஒன்றுதான் என்பது எனக்கு இந்த ஊரில் தெரியவில்லை. டெக்சஸில்தான் தெரிந்தது.

மகள் அங்கே இருக்கிறாள். பிரசவத்துக்காக நானும் மனைவியும் போயிருந்தோம். மனைவிக்குக் கை நிறைய வேலை, எனக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். கார் ஷெட்டில் ஒரு பிரஸ்ஸை வைத்து ஏதோ அழுத்திக்கொண்டிருந்தார். பிரஸ்ஸைப் பார்த்தால் எனக்குக் கால் நிற்குமா? வேலி ஓரமாய் நின்று எட்டிப் பார்த்தேன். கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

அவர் செய்தது இதுதான். தோட்டா சுட்டபின் காலிப் பித்தளை உறை மிஞ்சுமே, அதைக் குப்பையில் போடாமல் மறுபடி பயன்படுத்துவது. காகித இலக்கைச் சுட்டுப் பழகுகிறவர்கள் அங்கே பலர் இப்படிச் செய்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. நம் நாட்டுக் கதை வேறு. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அதனால் யாரும் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு ஷெட்டைத் திறக்க வேண்டாம். வெடிமருந்து நிரப்புகிற பக்கமே நான் போகப் போவதில்லை. என் விஷயம் பித்தளையும் எண்ணெயும் மட்டும்.

தோட்டா உறைக்கு எடுக்கிற பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போது உள்ளே வருகிற அழுத்தத்தில் உறை பலூன் மாதிரி உப்பித் துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு கொஞ்சம் சுருங்கும். ஆனால் பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பாது. மறுபடி பயன்பட வேண்டுமானால் எஃகு டைக்குள் தள்ளி, பழைய அளவுக்குப் பிடிக்க வேண்டும். கைத்துப்பாக்கி உறை நேரான குழாய். அதற்கு டங்ஸ்டன் கார்பைடு வளையம் வைத்த டை கிடைக்கிறது, எண்ணெய் இல்லாமலே வழுக்கிக்கொண்டு போகும். ரைஃபிள் உறை அப்படியில்லை. கழுத்து, தோள், வயிறு என்று பாட்டில் வடிவம். வயிறு முழுக்க டையோடு உராயும். அங்கே மசகு இல்லாமல் தள்ளினால் உறை டைக்குள்ளேயே தங்கிவிடும்.

அதைத்தான் அன்றைக்குப் பார்த்தேன். அவர் வைத்திருந்தது தர்ட்டி-ஆட்-சிக்ஸ் உறை. 1906-ல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட அளவு, பெயரில் உள்ள ஆறு அந்த வருடம்தான். கடையில் வாங்கிய ஸ்பிரே டின்னை எடுத்து உறைகளின் மேல் விசிறினார். அடுத்த நொடியே ஒன்றை எடுத்துப் பிரஸ்ஸில் வைத்துக் கைப்பிடியை இறக்கினார். பாதி தூரம் சுகமாகப் போனது. அப்புறம் இறுகியது. அவர் பலம் கொடுத்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது, அந்த இறுக்கம் எனக்குத் தெரிந்த இறுக்கம். கைப்பிடியை மேலே தூக்கியபோது உறையின் அடி விளிம்பு மட்டும் பிய்ந்து கையோடு வந்தது. மிச்சம் உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

மனிதர் முகம் தொங்கிவிட்டது. டையைக் கடைக்கு அனுப்ப வேண்டும் என்றார். “துளைபோடும் மெஷின் இருக்கிறதா சார்?” என்று கேட்டேன். இருந்தது. டையின் நடுவில் ஓடுகிற ஊசித் தண்டை முதலில் மரை திருகி மேலே ஏற்றிவிட்டோம், இல்லாவிட்டால் துளைக்கும்போது அதுவும் போயிருக்கும். உறையின் அடியில் நேராகத் துளை போட்டு, டேப் என்கிற மரை வெட்டும் கருவியை, கால் இஞ்ச் அளவில், இறக்கி மரை வெட்டினேன். டையின் வாயில் ஒரு பெரிய சாக்கெட்டைக் கவிழ்த்து, மேலே வாஷர் போட்டு, போல்ட்டை உறையின் மரையில் திருகினேன். ஸ்பேனரால் கால் சுற்று, கால் சுற்றாகக் கொடுத்தேன். நாலாவது சுற்றில் ‘டப்’ என்று ஒரு சத்தம். உறை பல் பிடுங்கின மாதிரி வெளியே வந்தது. அதற்கப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் எனக்கு ராஜ மரியாதை.

தப்பு டின்னின் மேல் இல்லை. அந்த வகை ஸ்பிரேயில் மசகு ஒரு கரைப்பானில் கரைந்திருக்கும். கரைப்பான் ஆவியாகிப் போனால்தான் மசகு மேலே படலமாக நிற்கும். டின்னைக் குலுக்க வேண்டும், அடித்தபின் சில நிமிடம் விட வேண்டும். ஈரத்தோடு தள்ளினால் கரைப்பானைத்தான் தடவியிருக்கிறோம்.

அன்று முதல் அவர் வீட்டிலேயே கலக்க ஆரம்பித்தார். அங்கே பலர் கையாளுகிற பக்குவம் ஒன்று: ஒரு பங்கு லானோலின், பத்திலிருந்து பன்னிரண்டு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஆல்கஹால் 99 சதவீதச் சரக்காக இருக்க வேண்டும். காயத்துக்குத் துடைக்க வாங்குகிற 70 சதவீத பாட்டிலில் மிச்சம் 30 தண்ணீர், அதில் லானோலின் சேராமல் திரியும். இரண்டையும் லேசாகச் சூடான தண்ணீரில் பாட்டிலோடு வைத்துக் குலுக்கினால் பால் நிறத்தில் ஒன்றாகிவிடும். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வரவே கூடாது.

லானோலின் என்றதும் எனக்குக் கொஞ்சம் பெருமை, ஏனென்றால் அது ஆட்டு ரோமத்துச் சமாச்சாரம். உதகைக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நீலகிரிச் செம்மறி இனத்தை அங்கேதான் காப்பாற்றி வருகிறார்கள். கொடைக்கானல் பக்கம் மன்னவனூரிலும் ஒரு மத்திய நிலையம் உண்டு. அந்த ஆடுகளின் முதுகு ரோமத்தை விரலால் பிரித்துத் தொட்டுப் பாருங்கள், விரலில் மெழுகு மாதிரி ஒட்டும். மழையிலும் பனியிலும் தோல் நனையாமல் காப்பது அதுதான். ரோமத்தைக் கழுவும்போது பிரித்தெடுப்பதைச் சுத்தம் செய்தால் லானோலின். பார்க்கக் கொழுப்பு போல இருந்தாலும் அது கொழுப்பு இல்லை, மெழுகு. அதனால் எண்ணெய் மாதிரிச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது. உலோகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் கொடுத்தாலும் வழிந்து ஓடாது. நமக்கு வேண்டியது அந்தக் குணம்தான்.

வாசலின் போதாதா என்று சிலர் கேட்பார்கள். என் பூணுக்குப் போதும். ரைஃபிள் உறைக்குப் பிழிந்துகொண்டு ஓரத்துக்கு வந்துவிடும். விளக்கெண்ணெய் அதைவிடத் தேவலை. முதல் உலகப் போர்க் காலத்தில் பல விமான எஞ்சின்களில் அதைத்தான் ஊற்றினார்கள், அவ்வளவு தாங்கும். ஆனால் நாளானால் கோந்து மாதிரி இறுகி டையில் படியும், துடைப்பது பெரும்பாடு. சோப்பும் பழைய கை. கம்பி இழுக்கிற ஆலைகளில் இன்றைக்கும் சோப்புத் தூளில் முக்கித்தான் இழுக்கிறார்கள். வாசலின் பேச்சு வந்ததால் குன்னூரை ஒட்டிய நம் அருவங்காட்டுப் பக்கம் ஒரு எட்டு போய்வருகிறேன். அங்கே இருக்கிற வெடிமருந்து ஃபாக்டரியின் பெயரிலேயே இருக்கிற கார்டைட், 1889-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த வெடிமருந்து. அதன் முதல் பக்குவத்தில் 5 சதவீதம் வாசலின். துப்பாக்கிக் குழாய்க்கு மசகாக இருக்கட்டும் என்று சேர்த்தார்கள். பிறகு பார்த்தால், மருந்து கெட்டுப்போகாமல் காக்கிற வேலையைத்தான் அது செய்திருக்கிறது!

சரி, கடைச் சரக்கா, கைச் சரக்கா? என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கணக்கில் உறை வைத்திருப்பவருக்குக் கைச் சரக்கே மேல், ஒரு தட்டில் பரப்பி விசிறி உருட்டிவிடலாம். பத்து இருபது உறைதான் என்றால் கடையில் கிடைக்கிற இம்பீரியல் சைஸிங் டை வாக்ஸ் டப்பாவை அடிக்க ஆளில்லை. ஷூ பாலிஷ் டப்பா மாதிரி சின்னது. விரல்நுனியில் தொட்டும் தொடாமலும் எடுத்து, உறையின் வயிற்றில் தேய்த்தால் போதும். கடைக்காரனுக்குக் காசு கொடுப்பது பொருளுக்காக இல்லை, ஒவ்வொரு டப்பாவும் ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக. கையால் கலக்கினால் அந்தப் பொறுப்பு நம் தலையில்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கடைச் சரக்கு என்னென்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1857 ஜனவரியில் கல்கத்தாவை ஒட்டிய டம்டம்மில் கிளம்பிய பேச்சு, புதுத் தோட்டாவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்று. அந்த மாதக் கடைசியிலேயே அரசாங்கம் இறங்கிவந்தது: தோட்டாக்களைக் கொழுப்பு பூசாமலே தருகிறோம், சிப்பாய்கள் தங்களுக்குப் பிடித்ததைத் தாங்களே பூசிக்கொள்ளட்டும். அதாவது, கைச் சரக்குக்கு அனுமதி! ஆனால் அதற்குள் சந்தேகம், தோட்டாவைச் சுற்றிய காகிதத்தின் மினுமினுப்பு மேலேயே தாவிவிட்டது. மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். அந்தக் கொழுப்பு குண்டு குழாயில் போக இட்ட பூச்சு, சுடும்போதும் இருக்கும். இன்றைய உறை மெழுகு சுடுவதற்கு முன்பே போய்விட வேண்டும்.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எண்ணெய்ப் பசையோடு உறை அறைக்குள் போனால், சுவரைப் பிடிக்க முடியாமல் வழுக்கி, துப்பாக்கி அறையின் பின்பக்கத்தை அடைத்து அடிதாங்கும் போல்ட்டின் மேல் முழு பாரத்தையும் போடும். உள்ளே போனால் மருந்தைக் கெடுக்கும். அதனால் கழுத்தின் உட்புறத்துக்கு அவர் பவுடர் கிராஃபைட்டைத் தூரிகையில் தொட்டு ஒரு இழுப்பு, அவ்வளவுதான் தருவார். வெளிப்புறத்தைத் துடைக்க, சோளக்கதிர்த் தக்கையை நொறுக்கிப் போட்ட டப்பாவில் உறைகளைச் சுற்றவிடுவார். மசகு கூடினாலும் ஆபத்து, சுடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். எண்ணெயை அமுக்க முடியாது, அமுங்குவது பித்தளை. தோள் பக்கம் எண்ணெய் சேர்ந்தால், கட்டை விரலால் குத்தின மாதிரி குழி விழும். என் முதல் உறையில் மூன்று குழி. தாராளமாகத் தடவினால் பத்திரம் என்று நினைத்தது என் தப்பு.

துடைக்கிறேன் என்று கண்ட பாலிஷையும் போடக்கூடாது. அம்மோனியா கலந்தது பித்தளைக்கு எமன். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை முடிந்து பார்த்தால், உறையெல்லாம் விரிசல். காரணம் புரியாமல் ‘பருவ விரிசல்’ என்று பேர் வைத்தார்கள். குதிரை மூத்திரத்து அம்மோனியாவும், பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்பது 1921-ல்தான் விளங்கியது. டையில் சுருக்கிய என் பூணிலும் அந்த இறுக்கம் இருக்கிறது. அதனால் என் ஷெட்டில் அம்மோனியா பாட்டிலே கிடையாது.

ஊர் திரும்பியதும் லானோலினைப் பூணில் முயன்று பார்க்க ஆசை. குன்னூரில் எங்கே கிடைக்கும்? மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். பையன் உள்ளே தேடி ஒரு குட்டி ட்யூப் கொண்டுவந்தான். பால் கொடுக்கிற தாய்மார்களுக்கு மார்க்காம்பு வெடிப்புக்குப் போடுவது, சுத்தமான லானோலின். என் நரைத்த தலையைப் பார்த்தான், ட்யூப்பைப் பார்த்தான். “யாருக்குங்க ஐயா?” என்றான். “பித்தளைக்கு” என்றேன். அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு அரிசியளவு தொட்டு ஐந்து பூண் அழுத்தினேன். ஒரு கீறல் இல்லை. பிரஸ் கைப்பிடி பனிக்காலத்திலும் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. ட்யூப்பை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு டீ குடிக்க வந்தேன். நாலு நாள் கழித்துப் பார்த்தால் பாதி காலி. மனைவி குதிகால் வெடிப்புக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள், மூன்றே நாளில் ஆறிவிட்டதாம். நான் மறுபடி அந்தக் கடைக்குப் போக வேண்டும். இந்தத் தடவை அவளைத்தான் அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.