பத்திரிகையில பெத்தவ பேரு எங்க?

எல்லாருக்கும் வணக்கம். தலைமை தாங்குற மன்றத் தலைவர் ஐயாவுக்கும், கேட்டதும் வாடகை வாங்காம இந்த மண்டபத்தக் குடுத்த அண்ணாச்சிக்கும், வேலைய விட்டுட்டு வந்திருக்க கவுன்சிலர் அக்காவுக்கும், முன் வரிசையில இருக்க அச்சகக்காரங்களுக்கும், மாசி வீதி டிராஃபிக்கத் தாண்டி வந்த தாய்மார்களுக்கும் வணக்கம். அக்காவுக்குப் பொன்னாடை போத்தாம விட்டுப்போச்சாம், நான் பேசி முடிச்சதும் தலைவர் போத்துவாரு, கோவிச்சுக்காதீங்க அக்கா.

கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதுறதப் பத்திப் பேசச் சொன்னாங்க. மூணு விஷயம் வச்சிருக்கேன். நாள் நேரம், பட்டம் பதவி, அப்புறம் யாரு பேர்ல அழைக்கிறதுங்கிறது. நாள் நேரத்தச் சுருக்கமா சொல்லிடுறேன். "காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்"னு தெளிவா போடுங்க, தமிழ்த் தேதியும் இங்கிலீஷ் தேதியும் கிழமையும் ஒத்துப்போகுதான்னு காலண்டர வச்சுப் பாருங்க, பொண்ணு மாப்பிள்ளை பேரு ஆதார்ல இருக்க மாதிரியே இருக்கட்டும், ஏன்னா தமிழ்நாட்டுல 2009ல வந்த திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள்ள கல்யாணத்தப் பதியணும், பதிவு ஆபீஸ்ல பத்திரிகையையும் கேப்பாங்க.

மூணாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். பெத்தவளுக்குத் தெரியும் பிள்ளை அருமைம்பாங்க. புருஷன் இருக்க வரைக்கும் அந்தப் பெத்தவ பேரு அவரு பேரோட சேந்து வந்துருது. அவரு போய்ட்டா அவரு பேருக்கு முன்னால "அமரர்"னு போடுறோம், அழைக்கிற இடத்துல பெரியப்பா பேரப் போடுறோம், அவ பேர மட்டும் எடுத்துடுறோம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா, மேலூர்ப் பக்கம். புருஷன் போனப்ப மகளுக்கு நாலு வயசு. விடியுமுன்ன மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போயி மல்லி எடுத்து, கட்டி வித்து, பிள்ளைய நர்சிங் படிக்க வச்சாங்க. கல்யாணம் கூடி வந்துச்சு. பெரியப்பாதான் முன்ன நின்னு பத்திரிகைக்கு எழுதிக் குடுத்தாரு. ப்ரூஃப் வந்தப்ப நானும் அந்த வீட்லதான் இருந்தேன். அந்தம்மா விரல வச்சு ஒவ்வொரு வரியா படிச்சாங்க, கடைசி வரி வரைக்கும் போயி திரும்ப மேல வந்தாங்க, "நல்லா இருக்கு மச்சான்"னு மடிச்சுக் குடுத்துட்டாங்க. பொண்ணு அத வாங்கிப் பாத்துட்டு "எங்கம்மா பேரு எங்க பெரியப்பா?"ன்னு கேட்டுச்சு. "முறைன்னு ஒண்ணு இருக்குல்லத்தா, மங்கள காரியம்"னாரு. யாரும் வாயத் தொறக்கல. தாய்மாமன் திண்ணையில இருந்து எந்திரிச்சு வந்து, "எங்கக்கா பேரு இல்லாத பத்திரிகையில எம்பேரும் வேணாம், சீரு மட்டும் கொண்டாந்து எறக்கிட்டுப் போயிர்றேன்"னாரு. நம்ம ஊர்ல தாய்மாமன் பேரு இல்லாம பத்திரிகை அடிக்க முடியுமா? அன்னைக்குச் சாயங்காலமே மாத்தி எழுதினாங்க. முதல் பேரா அந்தம்மா பேரு, கீழ "அவ்வண்ணமே கோரும்"னு பெரியப்பா பேரு. மூலையில மஞ்சள் தடவுன முதல் பத்திரிகைய அந்தப் பொண்ணு அம்மா கையிலதான் குடுத்துச்சு.

மீனாட்சி கல்யாணத்தப்ப மலையத்துவச பாண்டியன் உயிரோட இல்ல. மகளுக்குக் கல்யாணம் முடிக்கணும்னு பேச்செடுத்ததே புருஷன இழந்த காஞ்சனமாலைதான்னு திருவிளையாடல் சொல்லுது. அந்தத் தாய் கடலாடணும்னு ஆசப்பட்டதுக்கு மாப்பிள்ளை சொக்கநாதரு ஏழு கடலையும் வரவழச்சாரு, புதுமண்டபத்துப் பக்கம் எழுகடல் தெருன்னு இன்னும் பேரு இருக்கு. சித்திரையில அந்தத் திருக்கல்யாணத்தன்னைக்குத் தாலிக்கயிறு மாத்திக்கிற ஊரு நம்ம ஊரு. இங்க ஒரு பெத்தவ பேர அமங்கலம்னு எப்படி ஒதுக்குறது? பெத்தவளுக்குத் தெரியும் பிள்ளை அருமை.

பட்டம் பதவிக்கு நேரமில்ல, தலைவர் மணியப் பாக்குறாரு. அச்சகக்கார அண்ணன்மாரே, உங்க மாதிரி ஆல்பத்துல "எனது மகளின் திருமணத்திற்குத் தங்களை அன்புடன் அழைக்கிறேன்"னு தாய் பேரு மட்டும் போட்ட ஒரு மாடலச் சேருங்க. அப்பா காலமாயிட்டாருன்னு யாராவது தயங்கி நின்னா அந்தப் பக்கத்த முதல்ல காட்டுங்க. வாசகம் எழுதிக் கொண்டாந்திருக்கேன், எறங்கினதும் ஆளுக்கொண்ணு தர்றேன், வாங்கிட்டுப் போங்க. நன்றி, வணக்கம்.