என்னோடேகூட விழித்திருங்கள்

விழித்திருப்பது என்றவுடன் நம்மில் பாதிப் பேருக்கு டிசம்பர் 31 இராத்திரிதான் ஞாபகம் வரும். வருஷம் முழுக்கச் சபைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட அன்றைக்கு வந்துவிடுவார்கள், வெளியே போட்ட பந்தலிலும் நிற்க இடம் இருக்காது, பன்னிரண்டு அடித்ததும் கை குலுக்கி, வாக்குத்தத்த அட்டையை வாங்கிக்கொண்டு, கேக்கையும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவோம். நானும் அப்படித்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் "விழித்திருங்கள்" என்று ஆரம்பித்து, விசுவாசத்தில் நிலைத்திருங்கள், திடன்கொள்ளுங்கள் என்று படைத்தலைவன் மாதிரி அடுக்கிக்கொண்டே போய், அதே மூச்சில் "உங்கள் காரியங்களெல்லாம் அன்போடே செய்யப்படக்கடவது" என்கிறார். காவலுக்கு நிற்கிறவனிடம் போய் அன்பைப் பற்றிப் பேசுகிறார். எனக்கு ரொம்ப நாள் இது ஒட்டவே இல்லை.

சரி, முதலில் சர்தைக்குப் போவோம். வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்குக் கடிதம் போகிறதே, அதில் ஐந்தாவது. இன்றைய துருக்கியில் இருக்கிறது. செங்குத்தான மலைமேல் கோட்டை, ஏறவே முடியாது என்று பெயர் வாங்கினது. கி.மு. 546 வாக்கில் பாரசீக ராஜா கோரேசு, ஆமாம், யூதர்களை எருசலேமுக்குத் திருப்பி அனுப்பின அதே கோரேசுதான், அதை முற்றுகை போட்டான். மேலே காவலிருந்த ஒருவனுடைய தலைச்சீரா கீழே உருண்டு விழுந்ததாம், அவன் பாறை வழியாகவே இறங்கி எடுத்துக்கொண்டு ஏறிப் போனானாம், கீழே ஒரு எதிரிச் சிப்பாய் அதைப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான், அந்த வழியிலேயே ஏறிவிட்டார்கள். ஏற முடியாத பக்கம்தானே என்று அங்கே காவல் போடவில்லை. இதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார்.

இதோடு புத்தி வந்திருக்க வேண்டும் இல்லையா? முந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்து சிரியா ராஜா மூன்றாம் அந்தியோகு முற்றுகை போட்டபோது, அவனுடைய வீரன் ஒருவன் ஒரு பக்கத்து மதிலையே கவனித்துக்கொண்டிருந்தான். கழுகுகள் வந்து ஹாயாக உட்கார்ந்திருக்கின்றன. ஆள் நடமாட்டம் இருந்தால் பறவை உட்காருமா? ராத்திரி ஏணி போட்டு ஏறினார்கள், நகரம் மறுபடியும் விழுந்தது. இந்த ஊர்ச் சபையிடம்தான் ஆண்டவர், உயிருள்ளவன் என்று பெயர் வைத்திருக்கிறாய் ஆனால் செத்திருக்கிறாய், விழித்துக்கொள், இல்லாவிட்டால் திருடனைப்போல் வருவேன் என்கிறார். அந்த ஊர்க்காரனுக்கு எங்கே சுருக்கென்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அதே வரிசையில் முதல் கடிதம், எபேசுக்குப் போனது. இவர்கள் தூங்குமூஞ்சிகளே இல்லை. அப்போஸ்தலன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களைச் சோதித்துப் பொய்யரென்று கண்டுபிடித்தவர்கள். நிக்கொலாய் மதத்தார் என்ற தவறான போதனைக் கூட்டத்தாரின் கிரியைகளை வெறுத்தவர்கள். உபதேச விஷயத்தில் ஒரு ஓட்டை கிடையாது. அவர்களிடம் "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்" என்கிறார். எல்லா வாசலிலும் ஆள் நிறுத்திவிட்டு ஒரு பக்கத்தை விட்டுவிட்டார்கள், எபேசுக்காரர்களின் காவலில்லாத மதில் அதுதான்.

நான் எபேசுக்காரன். சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு பையன் எழுந்து சாட்சி சொன்னான். புதிதாக வந்தவன், பத்தொன்பது இருபது வயசிருக்கும். பேச்சுவாக்கில் ஒரு வசனத்தைத் தப்பாகச் சொல்லி, அதற்கு ஒரு தப்பான அர்த்தமும் சொன்னான். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லார் முன்னாலேயும் வேதத்தைத் திறந்து, அப்படியில்லை தம்பி, இப்படி என்று வாசித்துக் காண்பித்தேன். இரண்டு பெரியவர்கள் தலையாட்டினார்கள், எனக்கும் உள்ளுக்குள் ஒரு திருப்தி. பையன் உட்கார்ந்துவிட்டான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் சொன்ன வசனம் சரிதான், இன்றைக்கும் சரிதான். ஆனால் அவன் என்ன சாட்சி சொல்ல எழுந்தான் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, நான் தப்பு எங்கே வருகிறது என்றுதான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு பெரிய வியாழன் ராத்திரி கெத்செமனேயை, இயேசு பிடிபடுவதற்கு முன்னால் தோட்டத்தில் ஜெபித்த பகுதியை, வாசிக்கும்போது ஒரு வார்த்தை தடுத்தது. "நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்." அத்தனை வருஷம் "விழித்திருங்கள்" மட்டும் கண்ணில் பட்டிருந்தது, "என்னோடேகூட" படவில்லை. பட்டயங்களோடு வருகிறவர்களைப் பார்த்து எனக்குச் சத்தம் கொடு என்று பேதுருவிடம் அவர் கேட்கவில்லை. மரணத்துக்கேதுவான துக்கத்தில் இருக்கிற ஒருவர் பக்கத்தில் இரு என்கிறார், ஆஸ்பத்திரியில் நம்முடைய ஆள் படுத்திருந்தால் ராத்திரி முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறோமே, அந்த விழிப்பு. அவர்களால் அதுகூட முடியவில்லை, மூன்று தரம் வந்து பார்க்கிறார், மூன்று தரமும் தூக்கம். ஒரு மணி நேரமாவது விழித்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு அவரே அவர்களுக்காகப் பரிந்தும் பேசுகிறார், ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது என்று. அவர் இடத்தில் நாம் இருந்திருந்தால் அங்கேயே ஒரு வேதபாடம் எடுத்திருப்போம்.

அந்தப் பையனைத் தேடிப் போக எனக்கு நாலு மாசம் ஆனது. ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தான். வாங்க அங்கிள் என்று எழுந்து நின்றான், அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. பக்கத்துக் கடையில் டீ குடித்தோம். அன்றைக்கு நீ சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லு தம்பி, நான் கேட்கிறேன் என்றேன். அவனுடைய அம்மாவைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறான். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது, நடுவில் அந்த வசனத்தை மறுபடியும் தப்பாகத்தான் சொன்னான்.