மடவை வளரும் இடம்

(தண்டையார்பேட்டையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதல் வணக்கம்.

சைவக்காரர்களை விட்டுவிடுகிறேன். மற்றவர்களில் மடவை மீன் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒரு கையும் எழவில்லை. சரி, அந்த மடவை குஞ்சாக இருந்தபோது வளர்ந்த தண்ணீரைப் பார்த்தவர்கள்? மூன்று கை. அதில் இரண்டு பேர் எண்ணூர்க்காரர்கள். அது அவர்கள் வீட்டு வாசல், கணக்கில் சேர்க்க முடியாது.

மடவை கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, உப்புநீரும் ஆற்றுநீரும் கலந்த ஆழமில்லாத தண்ணீரில் வளர்கின்றன. இறாலுக்கும் அதுதான் தாய்வீடு. காசிமேட்டில் கூறு வைத்து விற்கிற இறாலில் ஒரு பங்கு, எண்ணூர்க் கழிமுகத்திலோ பழவேற்காடு ஏரியிலோ வளர்ந்து வந்ததாக இருக்கும். நாம் தலைமுறை தலைமுறையாக அந்த ஏரியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதைப் பார்த்ததில்லை.

இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. நம் பக்கத்தில் 153.67 சதுர கிலோமீட்டரை 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஃபிளமிங்கோ என்கிற பூநாரை, கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, உள்ளான், ஆலா என்று குளிர்காலத்தில் ஏரியே பறவையாகிவிடும். இங்கிருந்து 60 கிலோமீட்டர்கூட இல்லை.

நான் அறிவியல் வாத்தியாராக இருந்தவன். ஒரு வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போக அனுமதி கேட்டு எழுதினேன். ஓர் அலுவலகம் இன்னொன்றுக்குப் போகச் சொன்னது. அங்கே போனால், “சரணாலயத்துக்குள்ள பொதுமக்கள் போகக் கூடாது சார், சட்டம்” என்றார்கள். நான் மனு எழுதி, நினைவூட்டல் எழுதி முடிப்பதற்குள் பனிக்காலம் போய்விட்டது, பறவையும் போய்விட்டது. அந்தப் பையன்களில் ஒருவன் இன்று காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். போன வருடம் டீக்கடையில் பார்த்தபோது கேட்டான்: “அந்த ரோஸ் கலர் நாரை நெசமாவே இருக்குதா சார்?” அந்தக் கேள்விதான் இன்று என்னை இங்கே பேச வைத்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு நானே எடுத்துப் படித்தேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 27ஆவது பிரிவு. சரணாலயத்துக்குள் யார் நுழையலாம், யார் நுழையக் கூடாது என்று அது வரையறுக்கிறது. அடுத்த பிரிவு, 28. வன உயிர்களைப் பற்றிப் படிக்க, புகைப்படம் எடுக்க, ஆராய்ச்சி செய்ய, சுற்றுலா செல்ல அனுமதி வழங்கலாம் என்று அது தெளிவாகச் சொல்கிறது. பூட்டைப் பற்றிச் சொல்கிற பக்கத்திலேயே சாவியும் இருக்கிறது. என் பிள்ளைகளுக்குப் பூட்டை மட்டும் காட்டினார்கள்.

அதற்காகக் கதவை அகலத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பூநாரை சாப்பிடுவதைப் பார்த்தால் ஏன் என்று புரியும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கை பம்ப் போல ஆட்டிச் சேற்றுநீரை இழுத்து, பொடிப்பொடி உயிர்களை வடிகட்டித் தின்னும். வயிறு நிறைய நேரம் பிடிக்கும். மேலே எழும்பவும் தண்ணீரில் பல எட்டு ஓட வேண்டும். கூட்டம் ஒன்றாகப் பறக்கிற படம் வேண்டுமென்று என்ஜின் படகை அதன் நடுவே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அது தின்றதில் கொஞ்சத்தைப் பறித்துக்கொள்கிறோம். திரும்பிப் போக வேண்டிய தூரத்துக்கு உடம்பில் கொழுப்பு சேர்க்கிற காலத்தில் அதைத் துரத்துவது, சாப்பாட்டுத் தட்டிலிருந்து பிள்ளையை எழுப்பி விடுவது மாதிரி.

மனித உயிரும் போயிருக்கிறது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடையை நான் குறை சொல்லவில்லை. பத்திரமான ஒரு வழியை ஏற்பாடு செய்வதற்குப் பதில் தடையோடு நின்றுவிடுகிறோமே, அதுதான் என் வருத்தம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகினார்கள். அங்கேயும் முதலில் கதவு மூடியது. ஆனால் 2024இல் மாநிலம் முழுவதும் 40 பாதைகளை வகுத்து, முன்பதிவு வைத்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் போட்டு அரசு மீண்டும் திறந்தது. நம் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையும் அதில் உண்டு. மலைக்கு யோசித்ததை ஏரிக்கும் யோசிக்கலாம்.

வேடந்தாங்கலைப் பாருங்கள். 1798லேயே அந்த ஊர்க்காரர்கள் பறவையைச் சுடக் கூடாது என்று கலெக்டரிடம் போய் நின்று, எழுத்தில் உறுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு நீங்கள் டிக்கெட் வாங்கி ஏரிக்கரை மேல் நடக்கலாம். பறவைகள் தண்ணீருக்கு நடுவே நிற்கிற மரங்களில் கூடு கட்டியிருக்கும். கரைக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கிற தண்ணீர்தான் வேலி. கம்பி தேவைப்படவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்திக்கொண்டே போகிறார்கள், நத்தைகுத்தி நாரை பாட்டுக்குக் குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது. எங்கே நிற்பது என்பதைச் சரியாக அமைத்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பழவேற்காட்டு மீனவர்களை நாம் சுற்றுலாப் பயணிகளோடு ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது. யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ ஏற்பாடு, சரணாலயம் வருவதற்கு எவ்வளவோ முந்தையது. இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பனையோலையில் பின்னிய பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு அதில் போடுவார்கள். எந்தத் திட்டம் வந்தாலும் அவர்கள் உரிமை முதலில். பிறகு பக்கத்து ஊர்ப் பிள்ளைகள். கேமராவோடு காரில் வருகிறவர்கள் அதற்கும் பிறகுதான்.

இங்கிலாந்தில் 1932 ஏப்ரல் 24ஆம் தேதி நடந்தது ஒன்று. மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் ஏறினார்கள். பணக்காரர்கள் காட்டுக்கோழி சுடுவதற்காக அதை அடைத்து வைத்திருந்தார்கள். ஆறு நாள் ஆலைப் புகை, ஏழாம் நாள் நடக்க ஓர் இடம் இல்லை என்பது அவர்கள் குறை. ஐந்து பேருக்குச் சிறை. 1951இல் அந்த வட்டாரம்தான் அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. வடசென்னைப் பின்னி மில் சங்கு கேட்டு எழுந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தக் குறை உங்களுக்கு விளங்கும்.

நம் நகரத்தின் தெற்கே கிண்டி தேசியப் பூங்கா, அடையாற்றில் தொல்காப்பியப் பூங்கா, பெசன்ட் நகர்ப் பக்கம் 1988 முதல் மாணவர்கள் நடத்தும், கடலாமை முட்டைகளைத் தேடிக் காக்கிற ஆமை நடை எல்லாம் இருக்கின்றன. மகிழ்ச்சி. வடசென்னைக்காரர்களான நமக்கு எண்ணூர்க் கழிமுகம் இருக்கிறது. அங்கே அனல்மின் சாம்பல் கொசஸ்தலையாற்றில் இறங்கியது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியது, 2023 டிசம்பர் வெள்ளத்திலும் எண்ணெய் வந்தது. அவை வருவதற்கு யாரும் அனுமதிச் சீட்டு கேட்கவில்லை. கரையில் சுற்றுச்சுவர்கள் எழுந்துகொண்டே போகின்றன, தண்ணீரைப் பார்க்க நமக்கு மிச்சம் இருப்பது பாலங்கள்தான். எண்ணெய் வந்தபோது முதலில் சொன்னது யார்? தினமும் தண்ணீரில் இறங்குகிற மீனவர். மனிதர் போகாத இடத்தில் நடக்கிற தீங்கை யார் வந்து சொல்லுவார்?

நான் கேட்பது சின்ன விஷயங்கள். பழவேற்காட்டில் குளிர்காலத்தில் வாரம் ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். திருவள்ளூர், சென்னை அரசுப் பள்ளிகளுக்குக் கட்டணம் வேண்டாம். பறவைக்கு எட்டாத தூரத்தில் நிழலோடு ஒரு மேடை, இரண்டு தொலைநோக்கி, தமிழில் எழுதிய பலகை. வழிகாட்ட ஏரிக்கரை மீனவர் குப்பத்துப் பையன்களும் பெண்களும். எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் மிச்சமிருக்கும் இடத்துக்கு ஒரு நடைபாதை. கோரிக்கை மனுவை எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். வாசலில் மேசை மேல் இருக்கிறது, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு, கும்மிடிப்பூண்டி ரயிலில் கிளம்புகிறோம். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எங்கே வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். பொன்னேரியில் இறங்கி பஸ். படகு கிடையாது, ஏரிக்குள் இறங்குவதும் கிடையாது. பொது ரோட்டிலிருந்தும் பாலத்தின் மேலிருந்தும்தான் பார்க்கப் போகிறோம். பளிச்சென்ற சட்டை வேண்டாம், தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டு வாருங்கள். லாரி ஓட்டுகிற அந்தப் பையன் அன்றைக்கு லீவு போட்டிருக்கிறான். தன் மகளையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறான்.